ஆள்வினையின்மை யாருடைய பழி?

விழா மேடைகளில் ஓதப்பட்டு ஓதப்பட்டுத் தேய்ந்துபோன குறட்பாக்களைப் பட்டியலிட்டால், 618ஆம் குறளுக்கு முன்வரிசையில் இடமுண்டு. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வருவது அது. அதிலுள்ள பொறி என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் விதி என்று உரை கண்டார். இக்கால உரையாளர் சிலர் உடலுறுப்பின் குறை என்று பொருள் கொண்டனர். மேடைக்கு வசதியானது பின்னைய பொருளே. உடற்குறையுடைய ஒருவர் பதக்கம் பெற்று வரும்போதெல்லாம் சால்வை போர்த்தி இக்குறளைச் சொல்லிக் கைதட்டி அனுப்பிவிடுகிறோம். குறளின் முற்பகுதி அவருக்கு ஆறுதல். பிற்பகுதியோ பதக்கம் பெறாத ஏனையோருக்குக் குற்றச்சாட்டு. நீங்களும் முயன்றிருக்கலாமே என்பதுதான் அதன் மறைபொருள். முயலாதவர் உண்மையில் யார் என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை.

இக்கட்டுரை அவ்வினாவைப் பற்றியது. குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்க வேண்டியவர்கள் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஆய்வு என்ற பெயரில் சம்பளம் வாங்குகிற நாம்தாம் என்பது நம் துணிபு. தமிழ்த்துறையார் இதற்கு விலக்கல்லர். எனவே இதனைத் தன்னிலை விளக்கமாகவும் கொள்ளலாம்.

*

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிறுவனத்தில் இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டா. எந்தப் பெயரை இட்டாலும் பொருந்தும். பன்னாட்டு விளையாட்டுப் பெருவிழாக்களும் மாற்றுத்திறனாளர் விளையாட்டும் என்பது பொருள். நாமும் ஒரு கட்டுரை படிக்க அழைக்கப்பட்டிருந்தோம். அரங்கு இரண்டாம் மாடியில் இருந்தது. மின்தூக்கி இல்லை. சாய்வுப்பாதை வாசற்படியோடு முடிந்துவிட்டது.

நம்மோடு வந்த மாணவர் ஒருவர் செம்மநத்தத்துக்காரர். சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டைச் சுற்றியுள்ள காப்பித் தோட்ட ஊர்களில் ஒன்று அது. மலையாளிப் பழங்குடி மக்களின் வீட்டுப் பிள்ளை. பதின்மூன்று வயதில், மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணியிலிருந்து விழுந்ததில் இடக்கால் முழங்காலுக்குக் கீழே விளங்காமற் போயிற்று. ஊன்றுகோலோடு நடப்பார். அன்று முதல் மாடிவரை ஏறினார். அதற்குமேல், "நீங்க போங்கய்யா, நான் கீழயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கினார். இறங்குவது ஏறுவதைக் காட்டிலும் கடினம் என்பதை அன்றுதான் பார்த்தோம்.

மேலே பதினான்கு கட்டுரைகள் படிக்கப்பட்டன. தன்னம்பிக்கை, மன உறுதி, ஊக்கம் ஆகிய மூன்று சொற்களும் எல்லாவற்றிலும் இருந்தன. ஒருவரேனும் மேடையிலிருந்து எழுந்து, கீழே ஒருவர் இருக்கிறார், அரங்கைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவோம் என்று சொல்லவில்லை. சொல்லாதவர்களில் நாமும் ஒருவர். நம் கட்டுரையைப் படித்து முடித்துச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டே இறங்கினோம். இவ்வாண்டுகளில் நாம் எழுதியவற்றுள் எதையும்விட அச்சான்றிதழ்தான் நம்மைச் சரியாக விவரிக்கிறது.

*

பின்னொரு நாள் அம்மாணவரிடம் ஆய்வாளர் ஒருவர் வினாநிரல் கொடுத்து நிரப்பி வாங்கிச் சென்றார். ஆங்கிலத்தில் எங்கோ ஆக்கப்பட்ட வினாக்களைத் தமிழாக்கியிருந்தனர். விளையாட்டு உங்கள் தன்மதிப்பை உயர்த்துகிறதா, ஒன்று முதல் ஐந்துக்குள் குறிக்கவும் என்பது போன்றவை. உடற்கல்வி ஆய்வேடுகளில் நாம் பலகாலும் கண்ட வடிவமும் இதுவே. மாணவர்களை இரு குழுவாகப் பிரிப்பது, ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி, முன்னளவு, பின்னளவு, புள்ளியியல் அட்டவணை, பயிற்சி பயன் தந்தது என்னும் முடிவு. பயிற்சி பயன் தரும் என்று ஊர்க்கிழவியும் சொல்வாள்.

நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்த மாணவர் நம்மிடம் சொன்னது இது: "நாப்பது கேள்வி இருந்துச்சுங்கய்யா. எங்க ஊருக்கு வர்ற பஸ்ஸோட படி எவ்வளவு உசரம்னு ஒரு கேள்வி இல்ல."

அதனினும் பெரிய வினா ஒன்றையும் அவர் கேட்டார். அவருக்கு ஈட்டி எறிவதில் விருப்பம். செம்மநத்தத்தில் சமதளம் என்றால் காப்பிக்கொட்டை உலர்த்தும் களம்தான். காப்பி காயாத மாதங்களில் அங்கே மூங்கிற்கழியைச் சீவி எறிந்து பழகினார். மாநில அளவில் போட்டி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, "நான் எந்த வகுப்புல வருவேன்யா?" என்றார். தமிழில் முதுகலை பயின்று இருபதாண்டு பாடம் நடத்திய நமக்கு விடை தெரியவில்லை. உடற்கல்வித் துறையில் கேட்டோம், தெரியவில்லை. மாவட்ட அலுவலகம் ஒன்றில் கேட்டபோது, அடையாள அட்டையில் எத்தனை சதவீதம் என்று திருப்பிக் கேட்டார்கள்.

இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. அரசின் மருத்துவச் சான்று குறைபாட்டைச் சதவீதத்தால் அளக்கிறது. 40 சதவீதம் என்பது சலுகைகளுக்குரிய எல்லைக்கோடு. பாராலிம்பிக் வகைப்பாடோ சதவீதத்தைப் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட ஓர் உடற்குறை குறிப்பிட்ட ஒரு விளையாட்டின் செயலை எந்த அளவு தடுக்கிறது என்று பார்க்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது; பாராலிம்பிக் இயக்கம் ஏற்பவை 10. செவிப்புலன் குறை அவற்றுள் இல்லை. அவர்களுக்கு 1924இல் பாரிசில் தொடங்கிய தனி உலகப் போட்டி உண்டு. மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா 2022 மே மாதம் பிரேசிலில் மூன்று தங்கம் வென்றது அப்போட்டியில்தான். இவ்வேறுபாடுகளைத் தெளிவாக எடுத்துரைக்கும் ஒரு சிறுநூல் தமிழில் நம் மாணவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருந்தால் போதும். அதை எழுத மேலைநாட்டு நிதி வேண்டுமா? ஆய்வுக்கூடம் வேண்டுமா?

*

நம் மலைக்கு மேற்கே, ஓமலூருக்கு அப்பால் பெரியவடகம்பட்டி என்னும் சிற்றூர் இருக்கிறது. மாரியப்பன் தங்கவேலு 1995இல் பிறந்த ஊர். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகையில் பேருந்து ஏறி வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாயார் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் குடும்பத்தைக் காத்தார். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் ஊக்கத்தால் உயரம் தாண்டத் தொடங்கியவர், பதினான்கு வயதில் உடற்குறையில்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். 2013இல் பெங்களூருவில் நடந்த தேசியப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவின் கண்ணில் பட்டார். 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டர், வெள்ளி. 2024இல் பாரிசில் 1.85 மீட்டர், வெண்கலம். அதே ஆண்டு கோபே உலகப் போட்டியில் 1.88 மீட்டர் தாண்டித் தங்கம். அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம்.

இவ்வளவும் நாளேடு படிப்போர் அறிந்ததே. இவ்வரலாற்றைத் தன்னம்பிக்கைக் கதையாக எத்தனை முறை சொல்லியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. அதே வரலாற்றை ஆய்வுப் பொருளாகக் கொண்டால் எழும் வினாக்கள் வேறு.

ஐந்து வயதுப் பிள்ளையின் காலில் பேருந்து ஏறும்படி பள்ளி செல்லும் பாதை ஏன் அமைந்திருந்தது? சிகிச்சைக்குக் கடன் வாங்கிய குடும்பம் அதை எத்தனை ஆண்டில் அடைத்தது? ஓர் உடற்கல்வி ஆசிரியரின் நற்கண்ணில் படாத பிள்ளைகள் அதே ஒன்றியத்தில் எத்தனை பேர்? 2015இல் இந்தியப் பாராலிம்பிக் குழுவைப் பன்னாட்டுக் குழு இடைநீக்கம் செய்தது. அவ்வாண்டு காஸியாபாத்தில் நடந்த தேசியப் போட்டியில் வீரர்கள் பட்ட அவலம் நாளேடுகளில் வந்தது. அவ்விடைநீக்கத்தால் இழந்த மாதங்கள் யார் யாருடைய வாழ்வில் திரும்பாமலே போயின? 2016இல் தங்கம் வென்றபின் தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது, நல்லதே. தங்கம் வெல்வதற்கு முந்தைய பதினாறு ஆண்டுகளில் அவருக்காகப் பொதுப்பணம் எவ்வளவு செலவாயிற்று? இந்த இரண்டாம் தொகையைக் கணக்கிடுவதற்குப் பெயர்தான் ஆய்வு. முதல் தொகையைச் சொல்வது செய்தி.

பாரிசில் நடந்த இறுதிப்போட்டியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கரான எஸ்ரா பிரெச் 1.94 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். முழங்காலுக்கு மேல் கால் நீக்கப்பட்டுச் செயற்கைக் கால் பூண்டவர் அவர். வெள்ளி வென்ற சரத்குமார் இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் பாதிக்கப்பட்டவர். வெண்கலம் மாரியப்பனுக்கு; இவர்கள் இருவரும் செயற்கைக் காலின்றித் தாண்டுபவர்கள். வகைப்பாட்டில் இவர்கள் வேறு வகுப்பு, ஆனால் போட்டி ஒன்று. குறுக்குக்கோல் ஒன்றே எனினும் அதை நோக்கி ஓடிவரும் உடல்கள் வேறு வேறு. இஃது எந்த அளவு நியாயம், செயற்கைக் காலின் தொழில்நுட்பமும் விலையும் பதக்கத்தை எந்த அளவு முடிவு செய்கின்றன என்பவை உயிரியக்கவியலாரும் பொருளியலாரும் மல்லுக்கு நிற்க வேண்டிய வினாக்கள். மூன்று பதக்கம் வென்றவரை ஈன்ற மாவட்டத்தில் இவ்வினா ஒரு வகுப்பறையிலேனும் எழ வேண்டாவா? நமது வகுப்பறைகளில் எழவில்லை என்பதை மட்டும் நாம் உறுதியாகச் சொல்ல முடியும்.

*

ஆய்வு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு மூன்று சான்றுகள் போதும்.

முதலாவது. பாராலிம்பிக் இயக்கமே ஒரு மருத்துவ அறிஞரின் பிடிவாதத்தில் பிறந்தது. லுட்விக் குட்மன் நாசி ஜெர்மனியிலிருந்து 1939இல் இங்கிலாந்துக்கு வந்த யூத நரம்பியல் மருத்துவர். 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயம் பட்டோருக்கான பிரிவைத் தொடங்கினார். அக்காயம் பட்டோர் விரைவில் இறந்துபோவர் என்று மருத்துவ உலகம் கைவிட்டிருந்த காலம் அது. அவர் அவர்களை விளையாட வைத்தார். இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29ஆம் நாளிலேயே, காயமுற்ற முன்னாள் படையினர் 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960இல் ரோமில் நடந்தது அதன் வளர்ச்சி. நோயாளி என்று படுக்கவைக்கப்பட்டிருந்தவரை விளையாட்டு வீரராக எழுப்பிய வரலாறு இது. இந்தியா இதில் முதன்முதலில் கலந்துகொண்டது 1968இல். முதல் தங்கம் 1972இல் முரளிகாந்த் பேட்கர் நீச்சலில் வென்றது. டோக்கியோவுக்கு முன்வரை மொத்தம் 12 பதக்கம், டோக்கியோவில் 19, பாரிசில் 29.

இரண்டாவது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் அறிவுசார் குறைபாடுடையோருக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வென்றது. அணியில் பெரும்பாலோருக்குக் குறைபாடே இல்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. தண்டனை பெற்றவர்களோ குற்றமற்றவர்கள்: அப்பிரிவினர் அனைவரும் பாராலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டனர். 2012இல் இலண்டனில் அவர்கள் மீண்டும் சேர்க்கப்பட்டதற்கு, குறைபாடு விளையாட்டைப் பாதிக்கும் முறையைச் சோதனைகளால் மெய்ப்பித்த ஆய்வு வேண்டியிருந்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம் அதில் முன்னின்றது. அப்பல்கலைக்கழக அறிஞரும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக அறிஞரும் சேர்ந்து எழுதிய ஆவணம் இன்றைய சான்றுவழி வகைப்பாட்டுக்கு அடித்தளம். டோக்கியோவில் வட்டெறிதலில் வெண்கலம் வென்ற இந்திய வீரர் ஒருவர், அவ்வகுப்புக்கு உரியவரல்லர் என்று முடிவாகிப் பதக்கத்தை இழந்தார். வகைப்பாட்டை அறியாமை எத்துணைக் கொடுமையானது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மூன்றாவது நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. பொதுவிடங்கள் எல்லாருக்கும் அணுகத்தக்கனவாக வேண்டும் என்று பார்வைக்குறையுடைய ராஜீவ் ரதூரி 2005இல் உச்சநீதிமன்றம் சென்றார். நடைமுறையில் உள்ள நிலையை ஆராய்ந்து அறிக்கை தருமாறு ஹைதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையத்தை நீதிமன்றம் பணித்தது. அவ்வறிக்கையையும் கொண்டு 2024 நவம்பர் 8ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த 2017ஆம் ஆண்டு விதி சட்டத்துக்கு முரணானது என்றும், கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. ஒரு பல்கலைக்கழக மையத்தின் அறிக்கை நாட்டின் விதியை அசைத்தது. நமது ஆய்வேடுகள் நூலகத்தின் தூசியையேனும் அசைத்ததுண்டா?

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, கல்வி நிறுவனங்கள் தம் கட்டடங்களை அணுகத்தக்கனவாக்க வேண்டும், விளையாட்டு வாய்ப்புகளைப் பிறரோடு சமமாக அளிக்க வேண்டும் என்கிறது. 30ஆம் பிரிவு விளையாட்டுக்கென்றே எழுதப்பட்டது: உள்கட்டமைப்பைத் திருத்தியமைத்தல், நிதி ஒதுக்கல், போட்டிகளை நடத்தல் எல்லாம் அதில் உள்ளன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர் உடற்குறையோ மனக்குறையோ உடையவர்கள். அந்த இரண்டு பிரிவுகளும் ஒரு கல்லூரியில் எந்த அளவு நடைமுறையில் உள்ளன என்று பார்க்க ஓர் ஆய்வு மாணவருக்கு ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரத்தை நாம் ஒதுக்கவில்லை.

*

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

நம் இலக்கியத்தில் உடற்குறை இருவகையாகப் பேசப்பட்டுள்ளது. புறநானூற்று 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு எட்டுவகைக் குறைப் பிறப்புகளைப் பட்டியலிட்டு, அவற்றால் பயனில்லை என்று முன்னோர் சொன்னதை எடுத்துரைக்கிறார். மணிமேகலையின் ஆபுத்திரனோ பார்வையற்றோரையும் செவிகேளாதோரையும் கால் முடப்பட்டோரையும் அழைத்து முதலில் உண்பிக்கிறான். ஒன்று பயனின்மை என்னும் கணக்கு. மற்றொன்று இரக்கம். இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் இவ்விரண்டுக்கும் இடையிலேயே ஊசலாடுகிறோம். உரிமை என்னும் மூன்றாம் நிலைக்கு நம்மிடம் இன்னும் இலக்கியமும் இல்லை, திறனாய்வும் போதவில்லை. ஆபுத்திரனைப் பாராட்டிப் பக்கம் பக்கமாக எழுதுவோம். அவன் அழைத்து உண்பித்தவர்களுள் ஒருவரேனும் அக்காப்பியத்தில் வாய்திறந்து பேசினாரா என்று கேட்க மாட்டோம்.

2010ஆம் ஆண்டளவில் ஊனமுற்றோர் என்னும் சொல் அரசு வழக்கிலிருந்து விலக்கப்பட்டு மாற்றுத்திறனாளிகள் என்னும் சொல் வந்தது. வசையொலி நீங்கியது வரவேற்கத்தக்கதே. ஆயினும் சொல் மாறியதோடு கடமை முடிந்தது என்று கருதிவிட்டோமோ என்னும் ஐயம் நமக்கு உண்டு. மாற்றுத்திறன் என்னும் சொல்லில் ஒரு பொறியும் உள்ளது. உமக்கு வேறு திறன் இருக்கிறது, எனவே படி இருந்தால் என்ன என்று சொல்ல அது இடங்கொடுத்துவிடுகிறது. குறை அவர் காலில் இல்லை, நம் படியில் இருக்கிறது என்று சொல்லும் சொல் ஒன்றை ஆக்கித் தருவது தமிழ்த்துறையின் பணியன்றி வேறு யார் பணி? வகைப்பாட்டு விதிகளைத் தமிழாக்குவது யார் பணி? வீரர்களும் வீரராக வாய்ப்பின்றிப் போனவர்களும் தம் வாயாற் கூறும் வரலாறுகளைப் பதிவு செய்வது யார் பணி?

2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டி மகிழ்ந்தோம். பார்வையற்றோர், உடலியக்கக் குறையுடையோர், செவிப்புலனற்றோர் ஆகியோரின் பன்னாட்டுச் சங்க அணிகளும் அங்கே வந்து ஆடின. அவர்களில் ஒருவரைச் சந்தித்து நாலு பக்கம் எழுதிய தமிழ்ப் பேராசிரியர் உண்டா? நாம் எழுதவில்லை. எழுதியவர் இருந்தால் அவர் காலில் விழச் சித்தமாயிருக்கிறோம்.

*

எதிர்வாதங்கள் நமக்குத் தெரியாமலில்லை.

பணமில்லை என்பது முதல் வாதம். பேருந்துப் படியின் உயரத்தை அளக்கத் தையற்காரரின் அளவு நாடா போதும்.

மாரியப்பனே முன்னேறவில்லையா, முயன்றால் முடியும் என்பதற்கு அவரே சான்று அல்லரோ என்பது இரண்டாவது. ஆற்றில் ஒருவர் நீந்திக் கரையேறினார் என்பது பாலம் வேண்டா என்பதற்குச் சான்றாகாது. தடைகளை வென்ற ஒருவரை வானளாவப் புகழ்வது தடைகளை அப்படியே விட்டுவைப்பதற்கான மலிவான வழி என்று உலகெங்கும் மாற்றுத்திறன் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இலண்டனில் 2012இல் நிகழ்ந்ததைப் பார்க்கலாம். குறைபாடுடையோரின் அரசு உதவித்தொகைக்குத் தகுதி மதிப்பிட்ட அட்டோஸ் நிறுவனமே பாராலிம்பிக்கின் புரவலராகவும் இருந்தது. மதிப்பீட்டில் உதவியை இழந்தவர்கள் அந்நிறுவனத்தின் வாயிலில் திரண்டு போராடினார்கள். திடலில் கைதட்டல், தெருவில் முழக்கம். இரண்டும் ஒரே வாரத்தில். வெள்ளைக்காரர் நாட்டிலும் விழா வேறு வாழ்வு வேறுதான். ஆனால் அங்கே அதைக் கேள்வி கேட்கும் பல்கலைக்கழகத்தார் இருக்கிறார்கள். பெருவிழாக்கள் விட்டுச்செல்வது என்ன என்று ஆராய்வதே அங்கே ஒரு தனித்துறையாக வளர்ந்திருக்கிறது.

உடற்குறையுடையோரே தம்மைப் பற்றி ஆராயட்டும், நாம் ஏன் அவர்களுக்காகப் பேச வேண்டும் என்பது மூன்றாவது. இது நேர்மையான வாதம்; நாமும் உடன்படுகிறோம். தம்மைப் பற்றிய எம்முடிவும் தம்மை விலக்கி எடுக்கப்படலாகாது என்பதே அவர்கள் இயக்கத்தின் அடிப்படை. ஆயின் அவர்கள் ஆராய வேண்டுமானால் ஆய்வரங்கு அவர்கள் ஏறக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். உயர்கல்வியில் 5 சதவீத இடம் அவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். இடத்தை ஒதுக்கிவிட்டு அங்கே போகும் வழியை அடைத்து வைத்திருக்கிறோம். நாம் பேச வேண்டியது அவர்களுக்காக அன்று. வழியை மறித்து நிற்கும் நம்மைப் பற்றி.

*

செம்மநத்தத்து மாணவர் மாநிலப் போட்டிக்குப் போகவில்லை. எந்த வகுப்பு என்று தெரிந்துகொள்வதற்குள் பதிவு நாள் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு படிப்பு முடிந்தது. இப்போது சேலத்தில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறார். அண்மையில் பார்த்தபோது, "இன்னும் எறியறியா?" என்று கேட்டோம். "லீவுக்கு ஊருக்குப் போனா களத்துல எறிவேங்கய்யா. எவ்வளவு தூரம்னு யாரும் அளந்து பாத்ததில்ல" என்றார். அவர் மாரியப்பன் ஆகியிருப்பாரா என்று நமக்குத் தெரியாது. ஆகியிருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. பதக்கம் பெறாவிட்டாலும் விளையாடும் உரிமை ஒருவருக்கு உண்டு. அவர் எறிந்த தூரத்தை அளக்க ஒருவரும் வரவில்லை என்பதுதான் நம் வழக்கு.

அந்தக் குறளுக்குத் திரும்புவோம். பரிமேலழகர் கொண்டபடி பொறி என்பது விதியானாலும் சரி, பிறர் கொண்டபடி உறுப்பானாலும் சரி, அஃது இன்மை யாருக்கும் பழியன்று என்பதில் ஐயமில்லை. அறிய வேண்டுவனவற்றை அறிந்து முயலாமையே பழி. அறிவதற்கென்றே அமர்த்தப்பட்டவர் யார்? சட்டத்தின் பிரிவுகள் யார் மேசையில் கிடக்கின்றன? நூலகம் யாருடையது? ஆய்வு நிதியும் நெறியாளர் பட்டமும் யாருடையவை? ஊன்றுகோலோடு முதல் மாடிவரை ஏறியவரிடம் ஆள்வினையின்மை இல்லை. அது மேலே அரங்கில் அமர்ந்திருந்தது. கையில் சான்றிதழும் வைத்திருந்தது.

இவ்வாண்டு நம் துறையின் முதுகலைத் திட்டக் கட்டுரைகளில் நான்கினை இப்பொருளுக்கு ஒதுக்கியுள்ளோம். முதலாவது, மலையூர்களிலிருந்து கல்லூரி வகுப்பறைவரை உள்ள ஒவ்வொரு படியின் கணக்கு. பேருந்துப் படி, வாயிற்படி, மாடிப்படி, கழிப்பறைப் படி என எல்லாம் அதில் அடங்கும். வினாநிரலை வகுக்கச் செம்மநத்தத்து மாணவரை அழைத்திருக்கிறோம். கூட்டம் தரைத்தளத்தில்.

நாற்பது வினாக்களில் முதல் வினாவை அவரே எழுதிவிட்டார்.